கோபம் ஒரு குடம்

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. மறந்துபோனதால் அல்ல. என் மனைவி என்னோடு பேசுவதையே கிட்டத்தட்ட நிறுத்தியிருந்த ஒரு வருஷத்தில், வீட்டுக்குள் அவள் வாயிலிருந்து வந்த கொஞ்சநஞ்ச வார்த்தைகளில் அந்தப் பெயரும் ஒன்று. "சாப்பாடு வெச்சிருக்கேன்." "கேஸ் தீந்துடுச்சு." அப்புறம் அவர் பெயர், பின்னால் ஓர் "அண்ணா" சேர்த்து. அவ்வளவு மரியாதையோடு அவள் என்னைக் கூப்பிட்டதில்லை. அந்தப் பெயரை நானும் எழுதி அதற்கு இன்னும் மவுசு ஏற்ற மாட்டேன்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், சீக்கிரம் முடிந்துவிடும். நீலசந்திராவில் பிறந்தவன். படிப்பு மூன்றாம் வகுப்பு. இரண்டாம் வகுப்பில் இரண்டு வருஷம் இருந்ததால் நாலாவது என்று சொல்லிக்கொள்வேன். கல்யாணத்துக்குப் பிறகு ஈஜிபுராவில் வாடகை வீடு. வைட்ஃபீல்டில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்கு ஒப்பந்தத்தில் வேன் ஓட்டினேன். காலையில் ஆட்களை இறக்கிவிட்டால் மத்தியானம் மூன்று மணி வரைக்கும் டிரைவர்களுக்கு வேலை கிடையாது. பார்க்கிங் ஓரத்தில் ஒரு தகர ஷெட். பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருப்போம். அங்கே நான்தான் ராஜா. சூப்பர்வைசர் நடக்கிற நடை, மேனேஜர் போனில் இங்கிலீஷில் கெஞ்சுவது, செக்யூரிட்டி சல்யூட் வைத்துக்கொண்டே கொட்டாவி விடுவது, எல்லாம் செய்துகாட்டுவேன். ஒருத்தனுக்குச் சிரித்துச் சிரித்து டீ மூக்கு வழியாக வந்தது. அதைப் பல வருஷம் விருது வாங்கின மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்த ஷெட்டுக்குத்தான் அவர் வந்து சேர்ந்தார். கோலார் தங்கவயல்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஒல்லி. காலர் தேய்ந்த சட்டையைக்கூட இஸ்திரி போட்டுத்தான் உடுத்துவார். அங்கிருந்த தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்து, அதை மூடுவதற்கு முன்பே விட்டவர் என்று தெரிந்து, ஏன் என்று யாரோ கேட்டார்கள்.

"உள்ள ஒரு நாள் பாறை வெடிச்சு விழுந்துச்சு. கூட இருந்த ரெண்டு பேர் போய்ட்டாங்க. நான் பொழச்சேன். அப்புறம் கை நடுக்கம், தூக்கம் கெடையாது. இங்க பெங்களூர்ல மனநல ஆஸ்பத்திரிக்கு ஒண்ணரை வருஷம் வந்து போனேன். அங்க ஒரு மேடம் நெறைய கத்துக் குடுத்தாங்க."

ஜலதோஷத்துக்கு மாத்திரை வாங்கினேன் என்கிற குரலில்தான் சொன்னார். ஷெட் அமைதியாகிவிட்டது. எங்கள் ஊரில் அந்த ஆஸ்பத்திரிக்குப் போய்வந்ததை யாரும் சொந்தத் தம்பியிடம்கூடச் சொல்ல மாட்டார்கள். அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. அமைதி வந்தால் என் வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

"அண்ணா, அவங்களா கதவத் தொறந்து விட்டாங்களா, நீங்களா செவுரு ஏறிக் குதிச்சீங்களா?"

தகரம் அதிர்ந்தது. அவரும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "நல்லாருந்துச்சு தம்பி. ஆனா கொஞ்சம் வலிச்சுது. ஒரு டம்ளர்" என்றார்.

நான் கிண்டல் செய்ததற்காக என்னைத் திட்டியிருக்கிறார்கள், செருப்பைக் கழற்றியிருக்கிறார்கள். அளந்து சொன்ன முதல் ஆள் அவர்தான்.

அளவு என்னவென்றால், அந்த மேடம் அவரிடம் உங்கள் பயம் பத்துக்கு எத்தனை என்று கேட்பாராம். இவருக்கு நம்பர் பிடிபடவில்லை. தங்கவயல் காலனியில் தண்ணீருக்கு வரிசையில் நின்றே வளர்ந்தவர். அதனால் டம்ளர், சொம்பு, குடம், டிரம், டேங்கர் என்று சொல்ல ஆரம்பித்தார். மேடம் சிரித்துவிட்டு அப்படியே வைத்துக்கொள்ளச் சொன்னாராம். "மனசுல ஓடறதுக்கு மொதல்ல பேர் வைக்கணும். பயமா, கோவமா, துக்கமா. அப்புறம் அளவு சொல்லணும். சொல்லிட்டா அது நம்ம தலை மேல ஒக்காராது, எதிர்ல வந்து ஒக்காரும்" என்பார் இவர்.

ஒரு முறை பத்து நிமிஷம் தாமதமாக வந்தார் என்று சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் கன்னடம் கலந்து கத்தினார்.

"ஏன்ரீ இது? ஹத்து நிமிஷ லேட்! இது உன் மாமனார் வண்டியா?"

அவர் இரண்டு காலையும் தரையில் நன்றாக ஊன்றினார். மூச்சை இழுத்து மெதுவாக விட்டார். "சார், எனக்கு இப்ப கோவம் ஒரு குடம் இருக்குது. அது சொம்பு ஆனதும் வந்து பதில் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு மரத்தடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். கால் மணி நேரம் கழித்து நிஜமாகவே போய்ப் பதில் சொன்னார். டிராஃபிக்கில் ஓர் ஆம்புலன்ஸுக்கு வழி விட்டு மாட்டிக்கொண்டாராம். சூப்பர்வைசர், "சரி, சரி, ஹோகு" என்று அனுப்பிவிட்டார். அதே சூப்பர்வைசர் என்னை மூன்று நாள் சஸ்பெண்ட் செய்தவர். என் குற்றம், அவர் மாதிரி நடந்துகாட்டிக்கொண்டிருந்தபோது அவர் என் பின்னாலேயே நின்றது.

சிக்னலில் சிவப்பு விழுந்தால் அவர் ஹாரனைத் தொட மாட்டார். கண்ணுக்குத் தெரிகிற ஐந்து சாமானை முணுமுணுப்பார். பஸ், பூக்கடை, நாய், போஸ்டர், போலீஸ்காரர் தொப்பி. பிறகு காதில் விழுகிற நாலு. மேடம் சொல்லிக்கொடுத்த வித்தை. மனசு பழைய சுரங்கத்துக்குள் ஓடிவிடாமல் இங்கேயே இருக்குமாம். ஒரு வாழைப்பழம் சாப்பிட அவருக்குக் கால் மணி நேரம். உரிப்பதைப் பார்ப்பார், மோந்து பார்ப்பார். நாங்கள் அதற்குள் ஒரு சீப்பை முடித்திருப்போம்.

இது எனக்குப் பெரிய சரக்காகக் கிடைத்தது. அவர் இல்லாதபோது ஷெட்டில் செய்துகாட்டினேன். கால் ஊன்றி, மூச்சு இழுத்து, "எனக்கு இப்ப பசி ஒரு டேங்கர்" என்றேன். எல்லோரும் உருண்டார்கள். திரும்பினால் வாசலில் அவர். கோபப்பட்டிருந்தால் நான் ஜெயித்திருப்பேன். அவர் கிட்டே வந்து உற்றுப் பார்த்தார்.

"குதிகால் தூக்கிட்டு இருக்குது தம்பி. முழுப் பாதமும் தரையில படணும். அப்பத்தான் வேலை செய்யும்."

திருத்தம் சொல்கிறார்! அன்றைக்கு எனக்குக் கிடைத்த சிரிப்பில் பாதி அவர் கணக்கில் போனது.

கொஞ்சம் கொஞ்சமாக என் சபை கரைந்தது. இரண்டு டிரைவர்கள் பார்க்கிங் இடத்துக்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்ட நாளிலிருந்து என்று நினைக்கிறேன். நாங்கள் விலக்கிவிடப் பாய்ந்தோம், நாலு அடியும் வாங்கினோம். அவர் எழுந்திருக்கவே இல்லை. எல்லாம் ஓய்ந்து அரை மணி கழித்து, இருவரில் அதிகம் கத்தினவன் பக்கத்தில் போய்ச் சும்மா உட்கார்ந்தார். அவன் பத்து நிமிஷத்தில் அழுதான். தங்கைக்குக் கல்யாணம் நின்றுபோயிருந்தது. எங்கள் யாருக்கும் தெரியாது.

"அப்பவே ஏன்ணா போகல?" என்று கேட்டேன்.

"சுரங்கத்துல வெடி வெச்சா உடனே உள்ள போக மாட்டோம் தம்பி. பொகை அடங்கணும். அவசரப்பட்டுப் போனவன் மூச்சு முட்டிச் செத்தான்."

அதற்குப் பிறகு ஒவ்வொருத்தனாக மரத்தடிக்குப் போக ஆரம்பித்தான். சிரிக்க என்னிடம், அழ அவரிடம். நியாயமான பங்கீடுதானே என்று உங்களுக்குத் தோன்றும். ஆனால் அவரிடம் அழுதுவிட்டு வந்தவன் முகத்தில் இருந்த தெளிச்சல், என்னிடம் சிரித்துவிட்டுப் போனவன் முகத்தில் ஒரு நாளும் இருந்ததில்லை. அதுதான் எரிந்தது. ஷெட்டோடு நின்றிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

என் மனைவி விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து அவள் உண்டானாள். மாதம் நிறைந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்து, பெண் குழந்தை. மூச்சு இல்லை. தாய்க்குக் காட்டக் கூடாது, பார்த்தால் மறக்க மாட்டாள் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். நான்தான் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு மச்சான் ஆட்டோவில் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனேன். அதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தேன். வார்டு வாசலில் எங்கள் டிரைவர்கள் நாலு பேர் நின்றிருந்தார்கள். "என்னாச்சுப்பா?" என்றார்கள். பிக்கப்புக்குப் போய் நின்றும் ஆள் வரவில்லையென்றால், நாங்கள் டிரிப் ஷீட்டில் 'நோ ஷோ' என்று எழுதுவோம். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வாய் திறந்தது. "பிக்கப் போனேன்பா. நோ ஷோ" என்றேன்.

ஒருத்தரும் சிரிக்கவில்லை. கதவு திறந்திருந்தது. உள்ளே மூன்றாவது கட்டிலில் அவள்.

அன்றிலிருந்து அவள் என்னோடு பேச்சைக் குறைத்துவிட்டாள். சண்டை இல்லை, திட்டு இல்லை. சமைப்பாள், துவைப்பாள், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். நான் அவளைச் சிரிக்கவைக்க என்னிடம் இருந்த அத்தனை நடையையும் நடந்துகாட்டினேன். வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை என்று அவளும் எங்கள் கம்பெனியிலேயே ஹவுஸ்கீப்பிங் வேலைக்கு வந்தாள். வேலை முடிந்து பெண்களை வேனில்தான் கொண்டுபோய் விடுவார்கள். ஆனால் டிரைவர் தன் சொந்தக்காரரைத் தன் வண்டியில் ஏற்றக் கூடாது என்று ஒரு விதி. அந்த விதி வந்ததற்குக் காரணமே நான்தான். முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டார் பதினான்கு பேரைக் கம்பெனி வேனில் ஏற்றி, மொட்டை போடக் கூட்டிப்போய் மாட்டிக்கொண்டேன். அதனால் என் மனைவி தினமும் வேறு வேனில் போனாள். யார் வேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

முன் சீட்டில் உட்காருவாள். மற்றப் பெண்கள் மாரத்தஹள்ளியிலும் முருகேஷ்பாளையாவிலும் தொம்லூரிலும் இறங்கிவிடுவார்கள். தொம்லூரிலிருந்து ஈஜிபுரா வரைக்கும் அவளும் அவரும்தான். அந்த ரோட்டில் சாயங்கால டிராஃபிக் உங்களுக்குத் தெரிந்திருந்தால் என் வயிற்றெரிச்சலும் தெரிந்திருக்கும். நடந்தால் அரை மணி. வண்டியில் முக்கால் மணி.

ஒரு நாள் என் வேன் அவர்கள் வேனுக்குப் பக்கத்து வரிசையில் மாட்டியது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவள் பேசிக்கொண்டிருந்தாள். கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். அந்தக் கையை நான் பார்த்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவர் ரோட்டையே பார்த்தபடி தலையை மட்டும் லேசாகச் சாய்த்திருந்தார். எனக்குப் பின்னாலிருந்த பஸ் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்தது.

அவரைப் பற்றித் தப்பாக எதுவும் நினைக்கவில்லை. நினைக்க முடிந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும், போய்ச் சட்டையைப் பிடித்திருப்பேன். வெறுக்கவும் விடாத ஆள். ஒரு முறை எங்கள் இருவரையும் நாலாவது மாடிக்கு அட்டைப்பெட்டி தூக்கிப்போகச் சொன்னார்கள். லிஃப்ட் கதவு திறந்ததும் அவர் அப்படியே நின்றுவிட்டார். முகமெல்லாம் வேர்வை. சுரங்கத்துக்குள் இறக்குகிற கூண்டு அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். ஆகா, இந்த ஆளுக்கும் ஓட்டை இருக்கிறது!

"பயம்" என்றார். "டேங்கர்."

"படியில போலாம்ணா."

"இல்ல தம்பி. ஓடினா அது பெருசாயிடும். கூட வரீங்களா? கையப் புடிச்சுக்கங்க."

உள்ளே போனோம். கதவு மூடியது. "அண்ணா, நாம ரெண்டு பேரும் கை கோத்து நிக்கறத பாத்தா…" என்று ஆரம்பித்தேன்.

"பேசாதீங்க தம்பி. கை மட்டும் போதும்."

நாலு மாடிக்கும் என் விரலை நசுக்கினார். வெளியே வந்ததும் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "இப்ப டிரம்" என்றார். அவருக்கு ஓர் உதவி செய்தேன் என்று பெருமைப்படக்கூட முடியவில்லை. நான் செய்தது எல்லாம் வாயை மூடிக்கொண்டதுதான்.

சரி, அந்த வித்தையை நாமே செய்தால் என்ன என்று ஒரு ஞாயிறு வீட்டில் முயன்றேன். அவள் குழாயடியிலிருந்து வந்து உட்கார்ந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து, பாதத்தை முழுசாகத் தரையில் வைத்து, தலையை அவர் மாதிரியே லேசாகச் சாய்த்து, குரலை இறக்கி, "உனக்கு இப்ப எத்தனை குடம் இருக்குது?" என்றேன்.

"ரெண்டுதான். அதுக்குள்ள தண்ணி நின்னுடுச்சு."

"அது இல்ல. மனசுல."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பல மாதம் கழித்து நேராகப் பார்த்தாள். ஏதோ வரப்போகிறது என்று மூச்சைப் பிடித்தேன்.

"அண்ணா மாதிரி செஞ்சு காட்றீங்களா?"

எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் தலையைச் சாய்த்தபடியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நிஜமாகத்தான் கேட்டேன் என்று சொல்ல எனக்கு வேறு குரல் இல்லை.

மறுநாள் மரத்தடிக்கே போய்விட்டேன்.

"என் வீட்டுக்காரி உங்ககிட்ட இன்னா சொல்றா?"

"அது அவங்க சாமான் தம்பி. நான் வெறும் வண்டி."

"அண்ணா, எனக்குப் பொறாமையா இருக்குது."

"தெரியும். எவ்ளோ?"

"டேங்கரெல்லாம் பத்தாது. ஒரு ஏரி வெச்சுக்கங்க."

சிரித்தார். "பேர் சொல்லிட்டீங்களே, அதுவே நல்லது. நீங்க அவங்களையே கேளுங்க."

"கேட்டா சொல்ல மாட்டேங்கறா."

"நீங்க கேக்கறதுக்கும் அவங்க சொல்றதுக்கும் நடுவுல கொஞ்சம் எடம் வேணும் தம்பி. அங்க நீங்க நடந்து காட்றீங்க."

வேறு ஒருவனாக இருந்தால் அங்கேயே திருந்தியிருப்பான். நான் வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமைகளில் தரை துடைத்த துணியும் அழுக்கு யூனிஃபாரமும் மூட்டை மூட்டையாக அவர் வேனில் நீலசந்திரா லாண்டரிக்குப் போகும். கடைசி சீட்டையும் அதன் கீழ் இடத்தையும் மூட்டைகள் அடைத்துக்கொள்ளும். அந்த வாரம் என் வேன் ஆர்.டி.ஓ. ஆபீஸில் எஃப்.சி. காட்டப் போயிருந்தது, எனக்கு லீவு. யாரும் பார்க்காத நேரத்தில் பின் கதவு வழியாக ஏறி, சீட்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து, மேலே மூட்டைகளை இழுத்துவிட்டுக்கொண்டேன். பினாயில் நாற்றம். அதற்குக் கீழே இன்னொரு நாற்றம், அதை எழுத வேண்டாம்.

பெண்கள் ஏறினார்கள். என் மனைவி முன்னால். எனக்கு முன் வரிசையில் இரண்டு பேர் மெல்லிய குரலில் பேசிக்கொண்டது எனக்கு மட்டும் நன்றாகக் கேட்டது.

"அவ வீட்டுக்காரன் இன்னிக்கு லீவாமே."

"நிம்மதி. ஒரே பேஜாருடி அந்தாளு. சிரிக்கலன்னா வேற ஜோக் சொல்றான். அதுக்காகவே மொதல் ஜோக்குக்கே சிரிச்சுடறேன்."

இருபது வருஷப் புகழ் மாரத்தஹள்ளி வருவதற்குள் முடிந்தது.

வைட்ஃபீல்டிலிருந்து தொம்லூர் வரைக்கும் எத்தனை ஹம்ப் மேடு என்று அன்றைக்குத்தான் என் மண்டை தெரிந்துகொண்டது. தொம்லூரில் கடைசிப் பெண் இறங்கிக் கதவைச் சாத்தினாள். இனி அவர்கள் இருவர்தான். காதைத் தீட்டிக்கொண்டேன். அப்போது இன்னொரு ஹம்ப். சீட்டின் இரும்பு நெற்றியில் இடித்தது. "அம்மா" என்றேன், மெதுவாகத்தான்.

கொஞ்ச தூரம் போனதும் அவர் குரல் வந்தது.

"அம்மா, நீங்க பேசறதுக்கு முன்ன ஒண்ணு சொல்லிடணும். பின்னால மூட்டைக்கு அடியில ஒரு ஆள் இருக்கறாரு."

"ஐயோ, யாருண்ணா?"

"வைட்ஃபீல்ட்லருந்தே ஹம்ப்ல வண்டி பின்னால அழுந்துது. துணி அவ்ளோ கனம் வராது. இப்ப சத்தமும் கேட்டுச்சு. உங்க வீட்டுக்காரர் குரல்னு நெனைக்கிறேன். ஓரம் கட்டட்டுமா?"

கையில் கிடைத்த துணியை வாய்க்குள் திணித்துக்கொண்டேன். வண்டி நின்றது. சிக்னல் போலிருக்கிறது. வெளியே ஹாரன்கள். பச்சை விழுந்து வண்டி நகர்ந்த பிறகு அவள் சொன்னாள்.

"வேணாம்ணா. அங்கயே இருக்கட்டும்."

"எழுந்து வரச் சொல்லட்டுமா?"

"எழுந்தா வாயத் தொறப்பாரு."

அவள் முன்பக்கம் பார்த்தே பேசினாள். அப்படித்தான் குரல் வந்தது.

"அன்னைக்கு வார்டு வாசல்ல நோ ஷோன்னு சொன்னாரு. எனக்குக் கேட்டுச்சு. அதுக்காகத்தான் நான் பேசாம இருக்கேன்னு நெனச்சுட்டு இருக்காரு. அது இல்லண்ணா. அழ வந்தா அவருக்கு அப்படித்தான் வரும், எனக்குத் தெரியாதா? ஆனா அவ வந்தாண்ணா. ஒம்பது மாசம் எங்கிட்ட இருந்தா. வந்துட்டுதான் போனா."

வண்டி மெதுவாக ஊர்ந்தது.

"எனக்குக் காட்டல. தூக்கிட்டுப் போனவரு அவரு. எங்க வீட்டுல அவ மொகத்தப் பாத்தது அவரு ஒருத்தர்தான். இன்னைக்கு சொல்லுவாரு, நாளைக்கு சொல்லுவாருன்னு ஒரு வருஷமா காத்துட்டு இருக்கேன். நானா கேக்க பயமா இருக்குது. கேட்டு, அதுக்கும் ஒரு ஜோக் வந்துட்டா நான் அவரோட இருக்க மாட்டேண்ணா. அதனாலதான் கேக்கல. அவரு என்னடான்னா வீட்டுக்கு வந்ததும் சூப்பர்வைசர் மாதிரி நடந்து காட்றாரு."

வேன் ஓரமாக ஒதுங்கியது. எஞ்சின் நின்றது.

"நான் எதிர்க்கடையில ஒரு தண்ணி பாட்டில் வாங்கிட்டு வரேன்மா."

"பாட்டில் இருக்குதேண்ணா, இங்க."

"இன்னொண்ணு."

கதவு திறந்து மூடியது. வேனுக்குள் அவளும் நானும், எங்களுக்கு நடுவில் நாலு வரிசை காலி சீட்டும், மூன்று மூட்டையும்.

"சொல்லுங்க" என்றாள்.

பொய் சொல்ல மாட்டேன். மூன்று ஜோக் வந்தது. ஒன்று நன்றாகவே இருந்தது. வாய்க்குள் தரை துடைத்த துணி இருந்ததால் அவள் எனக்கு மிஞ்சினாள். அதை மெதுவாக வெளியே எடுத்தேன். எழுந்திருக்கவில்லை. படுத்தபடியே சீட்டின் அடிப்பலகையைப் பார்த்துச் சொன்னேன்.

"முடி நெறைய இருந்துச்சு. உன்னுது மாதிரி சுருட்டை."

"கண்ணு?" என்றாள்.

"மூடியிருந்தா. எமை முடி நீளம். தூங்கற மாதிரிதான் இருந்தா."

"நெறம்?"

"உன் நெறம். காது மடல் மட்டும் செவப்பா இருந்துச்சு."

"மூக்கு?"

நான் தயங்கினேன். அது உண்மைதான், ஆனால் ஜோக் மாதிரி கேட்டுவிடுமோ என்று பயம். "மூக்கு என்னுது" என்றேன்.

"பாவம்" என்றாள். அவள் குரல் உடைந்து, அழுகையும் வேறு ஏதோவும் சேர்ந்து வந்தது. அந்த வேறு ஏதோ சிரிப்பு என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

"அந்த மஞ்சத் துணி தச்சு வெச்சிருந்தேனே, அதுலதான் சுத்துனீங்களா?"

"அதுலதான். கை மட்டும் வெளிய இருந்துச்சு, மூடின மாதிரி. என் விரல உள்ள வெச்சேன். சுடுகாடு வரைக்கும் எடுக்கல."

அவள் எழுந்து சீட்டுகளைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் வந்தாள். மூட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். என் நெற்றி வீங்கியிருந்ததைப் பார்த்தாள். பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டு, "மொதல்லருந்து சொல்லுங்க" என்றாள்.

மறுபடியும் முடியிலிருந்து ஆரம்பித்தேன். அவள் தலைக்கு மேலே ஜன்னலில் எதிர்ப்பக்கம் தெரிந்தது. அவர் ரோட்டைக் கடந்து அந்தப் பக்க நடைபாதைக்கே போயிருந்தார். கையில் தண்ணீர் பாட்டில். எங்களுக்கு முதுகு காட்டி, ஒரு மூடின கடையின் ஷட்டரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். அது என்ன பெரிய காட்சி என்று அத்தனை நேரம் பார்த்தார்! ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. நானாக இருந்தால் இறங்கியே இருக்க மாட்டேன். இறங்கினாலும் டயரில் காற்று பார்க்கிற மாதிரி கதவோரமாகக் குனிந்து நின்று, ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருப்பேன். அந்த ஆளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.